பேரும் படிமமும்: ஹனுஷா சோமசுந்தரத்தின் ஓவியங்களை முன்வைத்து மலையகக் காட்சி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

மலையகத் தோட்டங்களின் பேச்சு வழக்கில் 'பேர்' என்னும் சொல் இரு பொருள்களில் வழங்குகின்றது. ஒன்று, ஒருவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். மற்றது, ஒரு நாள் வேலைக்கென ஏட்டில் பதியப்படும் கூலிக் கணக்கு. நிர்ணயித்த நிறையளவு கொழுந்து பறித்தவருக்குப் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். ஆகவே, தோட்டத் தொழிலாளி ஒருவரின் பெயர் செக்றோலில் ஏறும் அக்கணத்திலேயே அது கிலோவாகவும் ரூபாயாகவும் மாற்றம் பெற்றுவிடுகின்றது. ஒரு மனிதப் பிறவியைப் பாதியாக வகுத்து எழுத இயலும் என்பதை இவ்வழக்கு எவ்விதக் கூச்சமுமின்றிக் கூறுகின்றது. உற்பத்தி உறவுகள் மொழியினுள் எவ்வளவு ஆழமாக இறங்கக்கூடியவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்தச் சொல்லிலிருந்து ஒரு வினாவை எழுப்பிக்கொள்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மலையகத் தொழிலாளர் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் பார்க்கப்பட்டே வந்துள்ளனர். நிழற்படங்களிலும், விளம்பரத் தாள்களிலும், திரைப்படங்களிலும், தேயிலைப் பெட்டிகளின் மேலும், உல்லாசப் பயணச் சுவரொட்டிகளிலும் கூடை சுமந்த பெண்ணின் உருவம் உலகெங்கும் சென்றுள்ளது. இவ்வளவு பார்க்கப்பட்ட மக்கள் இவ்வளவு அறியப்படாதவராய் இருப்பது எவ்வாறு? அவர்களுள் ஒருவர் தாமே பார்க்கும் இடத்தில் வந்து நிற்கும்போது நிகழும் மாற்றம் யாது? இவ்வினாக்களை நமக்கு எழுப்பியவை ஹட்டன் பகுதித் தோட்டச் சூழலிலிருந்து வந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரத்தின் ஆக்கங்களாகும். அவற்றின் பொருளை உணர்வதற்கு முதலில் அவர் மறுத்துரைக்கும் காட்சி மரபை வரலாற்று நிலையில் வைத்து நோக்குதல் அவசியமாகின்றது.

2

மலையகம் பற்றிய முதற் படிமம் கண்ணாற் கண்டதன்று, காதாற் கேட்டது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி ஆசை காட்டி அழைத்து வந்ததை இன்றும் மலையகத்தின் வாய்மொழி நினைவு மறவாது பேணி வருகின்றது. புலம்பெயர்வுக்கு முன்னரே புலன்கள் ஏமாற்றப்பட்டன. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தோரில் எண்ணற்றோர் வழியிலேயே மடிந்தனர். எஞ்சியோர் கண்டது கோப்பிச் செடி. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1869இல் தோன்றிய இலைநோய் அடுத்த இருபதாண்டுகளிற் கோப்பியை அழித்தொழித்ததும், மலைகளின் தோற்றத்தையே மாற்றி அமைத்தன. இன்று 'இயற்கை எழில்' எனப் போற்றப்படும் அப்பசும்பரப்பு இயற்கையின் ஆக்கமன்று. காட்டை வெட்டி, கல்லைப் பெயர்த்து, கான் வெட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துச் செய்து, மரமாக ஓங்க வேண்டிய ஒரு தாவரத்தை இடுப்பளவு உயரத்தில் அடக்கி வைத்திருக்கும் இடையறாத மனித உழைப்பின் வடிவம் அது. உழைப்பு நிலக்காட்சியாகத் திரிந்து தோன்றுவதே மலையகம் பற்றிய காட்சி மரபின் அடிப்படை மயக்கமாகும்.

இம்மரபின் தொடக்கத்தில் ஓர் உலகப் புகழ்பெற்ற பெயர் இடம்பெறுகின்றது. ஆங்கில நிழற்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான யூலியா மார்கரெட் கமரன் 1875இல் தம் கணவருடன் இலங்கைக்கு வந்தார். கணவரான சார்ள்ஸ் ஹே கமரன், 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களால் நம் வரலாற்று நூல்களில் அறியப்பட்டவர். மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளரும் அவரே. யூலியா கமரன் 1879 சனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் அவரது கல்லறை உள்ளது. சீர்திருத்தம், தோட்ட முதலீடு, கலை ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தின் கூரையின் கீழ் இருந்தமை தற்செயலானதன்று.

இங்கிலாந்தில் கமரன் எடுத்த உருவப்படங்கள் தெனிசன், டார்வின், கார்லைல், ஹேர்ஷல் என்று பெயர் தாங்கியவை. முகத்தை மிக அண்மையில் நிறுத்தி, விளிம்புகளை மங்கவிட்டு, அம்மங்கலினூடே ஒரு மனத்தின் ஆழத்தைத் தேடியவை. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியுள்ளன. அவற்றிற் காணப்படுவோருட் பலர் அவரது வீட்டுப் பணியாளரும் தோட்டத் தொழிலாளரும் என ஆய்வாளர் கருதுவர். களுத்துறையில் எடுத்த புகழ்பெற்ற படமொன்றிற் கிழவர் ஒருவரும் இளையோர் இருவரும் நிற்கின்றனர். கிழவர் தமக்கு நூறு வயது என்று கூறியதாகவும், பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குத் தாமே தந்தை என்றதாகவும் கமரன் குறித்து வைத்துள்ளார். வயது உண்டு, உறவு உண்டு, பெயர் இல்லை. களுத்துறைக் குடியானவர் என்னும் வகைப்பெயரே படத்தின் பெயராயிற்று.

கமரனைத் தனியாளாகக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. மனித முகத்தின் மீது அவருக்கு மெய்யான பற்று இருந்தது. ஆனால், ஒரு கலைஞரின் பற்று அவர் நிற்கும் வர்க்க இடத்தைத் தாண்டிச் செல்வதற்கு எல்லை உண்டு. 1877இல் அவர் வீட்டில் தங்கிச் சென்ற ஓவியர் மேரியான் நோர்த்தைத் தூரிகையும் ஓவியத் தாங்கியுமாக விறாந்தையில் அமர்த்தி எடுத்த படமொன்றில், தோளில் மட்குடம் ஏந்திய பணியாள் ஒருவர் பின்னணியில் நிறுத்தப்பட்டுள்ளார். வெள்ளைப் பெண் பார்க்கின்றார், வரைகின்றார். சுதேசி பார்க்கப்படுவதற்காக நிற்கின்றார். பிற்கால வரலாறு முழுவதும் இந்த விறாந்தையின் விரிவாக்கமே எனலாம்.

3

கமரனின் கண் தோட்ட உடைமையாளரின் வீட்டுக் கண். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்களை வாங்கத் தொடங்கியதோடு அதனினும் வலிமை மிக்க ஒரு கண் திறந்தது. அது பண்டத்தின் கண். தோட்டத்திலிருந்து நேரே நுகர்வோரின் கிண்ணத்துக்கு என்னும் கருத்தைப் பரப்பிய லிப்டன் விளம்பரங்களிற் சேலையுடுத்த தொழிலாளப் பெண் தூய்மையின் சான்றாக நிறுத்தப்பட்டாள். அவளுக்கும் கிண்ணத்துக்கும் இடையில் உள்ளவை யாவை? கங்காணியின் கடன், பிரட்டுக்களம், லயம், தொழிற்சாலை, துறைமுகம், இலண்டன் ஏலச் சந்தை. 'நேரே' என்ற சொல் இவை அனைத்தையும் அழித்துவிட்டது. பண்டம் தன் பிறப்பின் வரலாற்றை மறைக்கும் என்று மார்க்ஸ் விளக்கினார். இங்கோ பண்டம் தன்னைப் பிறப்பித்தவளின் உருவத்தையே தன் மறைப்புத் திரையாக்கிக் கொண்டது. மறைப்பதற்குச் சிறந்த வழி காட்டுவதே என்பதைத் தேயிலை வணிகம் நன்கறிந்திருந்தது.

இதே காலத்தில் அத்தொழிலாளர் வேறொரு வகையிலும் 'உருவம்' பெற்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து ஏற்றப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஒரு தகரத் துண்டு வழங்கப்பட்டது. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்து, தோட்ட எண், ஆள் எண் ஆகியன அதில் அச்சிடப்பட்டிருந்தன. விளம்பரத் தாளிற் பெயரற்ற முகம். தகரத் துண்டில் முகமற்ற எண். இவ்விரண்டும் ஒரே முறைமையின் இரு பக்கங்கள்.

1934இல் வெளிவந்த 'சோங் ஒவ் சிலோன்' திரைப்படம் இவ்வரலாற்றில் தனித்து நோக்கற்பாலது. பசில் றைற் நெறியாள்கை செய்து, ஜோன் கிரியர்சன் தயாரித்த இப்படத்துக்கு இலங்கைத் தேயிலைப் பிரசார சபையே பணம் அளித்தது. லயனல் வென்ற் அதன் உரையை வாசித்தார். ஆவணப்படக் கலையின் உன்னதங்களுள் ஒன்றாக இது இன்றும் மதிக்கப்படுகின்றது. அதன் மூன்றாம் பகுதியில், உழைப்பின் காட்சிகள் மீது வணிகத்தின் விலைவாசிக் குரல்கள் ஒலிக்கின்றன. காட்சிக்கும் ஒலிக்கும் இடையிலான அம்முரண், தயாரித்தோரின் விருப்பத்தையும் மீறி, ஏகாதிபத்தியத்தின் உண்மையை வெளிப்படுத்திவிடுகின்றது. எனினும் படத்தின் தொடக்கத்தையும் முடிவையும் ஆட்கொள்வன பௌத்த வழிபாடும் மலையுச்சி யாத்திரையும் கண்டிய நடனமுமே. தேயிலையின் பணத்தில் உருவான படத்தில் தேயிலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது சிற்றிடம். 'உண்மையான இலங்கை' என்று கலை தேடிச் சென்ற இடத்திலும் தோட்டத் தமிழர் புறம்பானவராய் நின்றனர். பதினான்கு ஆண்டுகளின் பின் வந்த 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இதே பார்வையைச் சட்ட மொழியில் எழுதிற்று. காட்சி மரபு சட்டத்துக்குக் காரணமாயிற்று என்று கூறுவது மிகை. ஆயின் இரண்டும் ஒரே கருத்துநிலை மண்ணில் வேரூன்றியவை என்பதில் ஐயமில்லை.

4

இவ்வளவும் வெளியிலிருந்து வந்த பார்வை. உள்ளிருந்து இம்மக்கள் தம்மை நினைவுகூர்ந்தது எவ்வாறு?

காட்சிக் கலைக்கு நிலையான இடமும் பொருளும் ஓய்வும் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பிராவில் இவை மூன்றுமே இல்லை. ஆகவே மலையகத்தின் நினைவு உடலையும் குரலையுமே தன் ஊடகமாகக் கொண்டது. காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய ஆற்றுகைகளும், தெம்மாங்கும், தாலாட்டும், ஒப்பாரியும் அவ்வகையின. தப்பு என்னும் இசைக்கருவி விடியலில் மக்களைப் பிரட்டுக்கு அழைக்கும் நிருவாகக் கருவியாகவும், கூத்தின் இரவிற் கலைக் கருவியாகவும் இருந்ததை நாம் மனங்கொள்ள வேண்டும். ஒரே ஓசை, ஒரே கை. பகலில் முதலாளிக்கு, இரவில் மக்களுக்கு.

கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் பாட்டை அரசியற் பிரசாரத்தின் கருவியாக்கினர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, நாட்டார் பாடல்களைத் தொகுத்ததோடு 1954இல் ஆங்கிலத்தில் 'இன் சிலோன்ஸ் ரீ காடன்' நெடுங்கவிதையையும் வெளியிட்டார். அறுபதுகளிலிருந்து சிறுகதையும் நாவலும் வளர்ந்தன. ஆனால் இலக்கியத்தில் ஏற்பட்ட இவ்விழிப்பு ஓவியத்துக்கு உடனே வரவில்லை. 1943இல் கொழும்பில் தோன்றிய '43 குழு' நவீன ஓவியத்தை இலங்கையில் நிலைநிறுத்தியபோதும், தோட்டப் பாடசாலையிலிருந்து அத்தகைய குழுவுக்குச் செல்லும் பாதை எதுவும் அன்று இருக்கவில்லை.

நாட்டுரிமைப் பறிப்பு நினைவுக்கு இன்னொரு வெட்டாக அமைந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. தோட்டத்து அரைப்பேர்க் கணக்கு இரு அரசுகளின் மேசையில் மீண்டும் தோன்றிற்று எனலாம். மலைநாட்டிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். கடவுச்சீட்டுக்கு நிழற்படம் வேண்டும். ஆதலால், பிரிவின் பொருட்டே படமெடுத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. லிப்டனின் விளம்பரம் உலகெங்கும் அச்சிட்ட பெண்ணுக்குத் தன் படம் என்று கையில் கிடைத்தது, அவள் இந்நாட்டவள் அல்லள் என்று சான்று பகரும் தாளில் ஒட்டுவதற்கான படமாயிருந்தது.

5

இந்தப் பின்னணியிலேயே ஹனுஷா சோமசுந்தரத்தின் ஓவியங்களை நாம் அணுகுதல் வேண்டும். மலையகத் தோட்டச் சூழலில் வளர்ந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற அவர், கலப்பு ஊடகத்திற் பணியாற்றுபவர். திரைச்சீலையையும் எண்ணெய் வண்ணத்தையும் விடுத்து, பயன்படுத்திக் கழிக்கப்பட்ட தேயிலைப் பைகள், தேநீர் வடிகள், தேயிலைச் சாயத்தின் கறை ஆகியவற்றைத் தம் ஆக்கங்களின் பொருளாகக் கொண்டவர். அப்பைகளின் மெல்லிய தாளில் தோட்ட வாழ்வின் உருவங்கள் தோன்றுகின்றன.

இங்குப் பொருளின் தேர்வே முதன்மையான கருத்தாகும். தேயிலைப் பை தொழிலாளியின் வீட்டுப் பொருளன்று. லயத்திற் கொதிப்பது தூளில் ஊறிய சாயமே. பை என்பது தேயிலை தன் பண்ட வடிவத்தின் முழுமையை அடையும் இடம். இலையின் வடிவம், செடியின் நினைவு, பறித்த கையின் தடயம் யாவும் அங்கே மறைந்துவிடுகின்றன. நுகர்வோர் அதைச் சில நிமிடங்கள் நீரில் அமிழ்த்தி எறிந்துவிடுகின்றார். எறியப்பட்ட அப்பையை எடுத்து, உலர்த்தி, அதன் மேல் தொழிலாளியின் உருவத்தை வரையும்போது, பண்டத்தின் பயணம் முடிந்த புள்ளியிலிருந்து அது தொடங்கிய இடத்துக்கு ஒரு திரும்பு வழி வெட்டப்படுகின்றது. விளம்பரம் தொழிலாளியின் உருவத்தைப் பண்டத்தின் மேலட்டையாக்கிற்று. இவர் பண்டத்தையே தொழிலாளியின் உருவத்துக்குத் தாளாக்குகின்றார். உருவம் அதுவே, அடித்தளம் தலைகீழாகிவிட்டது. மலையகக் காட்சி வரலாற்றில் இதுவரை நிகழாத மாற்றம் இதுவே என்பது நம் கருத்தாகும்.

கறை என்பதும் சிந்தனைக்குரியது. தேயிலைக் கறை கொழுந்து பறிப்பவரின் விரல்களிற் படிந்து கருமையாக நிலைத்துவிடுவது, கழுவினாற் போகாதது. அது தொழிலின் முத்திரை. எழுத்தறிவும் ஆவணமும் மறுக்கப்பட்ட ஒரு வர்க்கத்துக்கு உடலே பதிவேடு. ஹனுஷாவின் தாளிற் கறை வண்ணமாகும்போது, நினைவு என்பது மனத்தினுள் மிதக்கும் ஏக்கமாகவன்றி, பொருளின் மேல் உழைப்பு விட்டுச் சென்ற தடமாக வெளிப்படுகின்றது. வடி என்னும் பாத்திரமும் அத்தகையதே. பானம் ஒருவருக்குச் செல்ல, சக்கை தங்கிவிடும் இடம் அது. ஒரு சமூகம் எதை வடித்துக் குடித்தது, எதைச் சக்கையாக ஒதுக்கிற்று என்னும் வினாவை அப்பாத்திரம் சொல்லின்றியே எழுப்புகின்றது.

யாழ்ப்பாணச் சூழலில் தோன்றிய நினைவுக் கலையோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 2011இல் வெளிவந்த நூல், போரினால் இடம்பெயர்ந்தோர் தம் நினைவிலிருந்து வரைந்த வீடுகளின் தரைப்படங்களைக் கொண்டது. தோம்பு என்பது ஒல்லாந்தர் கால நிலப்பதிவேடு. அங்கு நினைவு, இழந்த நிலத்தையும் வீட்டையும் மையமாகக் கொள்கின்றது. மலையகத் தொழிலாளிக்கோ இழப்பதற்குத் தோம்பில் ஒரு பதிவும் இருக்கவில்லை. அவர் பிறந்து வாழ்ந்து இறந்த லயன் காம்பிரா தோட்டத்தின் உடைமை. அவருக்குரிய ஒரே பதிவேடு செக்றோல். ஆதலால் மலையகத்தின் நினைவு நிலவுடைமையின் வழியாக அன்றி உழைப்பின் வழியாகவே உருப்பெற முடியும். ஈழத்துத் தமிழரின் நினைவைப் பற்றிப் பேசுவோர் இவ்வேறுபாட்டைக் கவனியாது, எல்லா இழப்பையும் 'வீட்டின் இழப்பு' என்று ஒருமைப்படுத்துவது வர்க்க வேறுபாட்டை மறைப்பதாகவே முடியும்.

புலனறிவு பற்றியும் ஈண்டு ஒன்று கூற வேண்டும். ஐம்புலன்களின் உருவாக்கம் மனித வரலாறு முழுவதன் உழைப்பினால் நிகழ்ந்தது என்பது இளம் மார்க்சின் கருத்து. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கண் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் நொடிப்பொழுதிற் பிரித்தறியும். பச்சையின் பல நிறங்களை, இலையின் முற்றலையும் இளமையையும், மழையிலும் பனியிலும் வேறுபடுத்தும். எந்த ஓவியக் கல்லூரியும் அளிக்காத பயிற்சி அது. ஆனால் அக்கண்ணின் நுண்மை முழுவதும் கூடையின் நிறையாகக் கழிந்துவிடுகின்றது. அக்கண் தனக்காகப் பார்க்கும் உரிமையைப் பெறுவதே மலையகக் கலையின் விடுதலைப் பொருளாகும்.

6

இங்கு ஒரு முரண்பாட்டை மறைத்துவிடுதல் நேர்மையாகாது. தேயிலைப் பை ஓவியமும் காட்சிக்கூடத்துக்குச் சென்றதும் பண்டமாகின்றது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் அதை வாங்கும் வலிமையுடையோர், தேயிலை வருவாயின் பயனை நுகர்ந்த வர்க்கத்தினராகவே பெரும்பாலும் இருப்பர். 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, அந்தச் சிறு தொகைக்கே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. பேர் விழாத நாளில் முழுச் சம்பளம் கைக்கு எட்டுவதில்லை. அவ்வுருவங்களுக்கு ஊற்றான பெண்கள் அவ்வோவியங்களைக் காணும் வாய்ப்பு அரிது. இம்முரண்பாடு ஓவியரின் குற்றமன்று. கலையைத் தனியுடைமைச் சந்தையினூடாகவன்றி வாழவிடாத சமூகத்தின் குற்றம். ஆயினும் முற்போக்குத் திறனாய்வு இதைச் சுட்டாது, 'விளிம்பு நிலைக் குரல்' என்று புகழ்ந்து நின்றுவிடுமாயின், அதுவும் லிப்டனின் மேலட்டைக்கு இன்னொரு வண்ணம் சேர்ப்பதாகவே அமையும்.

மாற்று வழிக்கான முன்மாதிரி ஒன்று மலையகத்திலேயே உண்டு. 2001இல் கண்டி ஹந்தானையிற் பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றில் திறக்கப்பட்ட தேயிலை அரும்பொருட் காட்சியகம் இயந்திரங்களையும் தோட்ட முதல்வர்களையும் முன்னிறுத்துகின்றது. 2007இல் கம்பளைக்கு அண்மையில் லயத்தையே இடமாகக் கொண்டு சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்த தோட்டத் தொழிலாளர் அரும்பொருட் காட்சியகமோ மக்களின் பாவனைப் பொருள்களையும் ஆவணங்களையும் சேகரித்து வைத்துள்ளது. ஒரே தொழிலின் வரலாறு இருவேறு கட்டடங்களில் இருவேறு வர்க்கங்களின் நினைவாக நிற்கின்றது. ஹனுஷா போன்றோரின் ஆக்கங்கள் இரண்டாவது கட்டடத்துக்கும், தோட்டப் பாடசாலைகளின் சுவர்களுக்கும் வந்து சேர வேண்டும். கடவுச்சீட்டுப் படங்களும், தகரத் துண்டுகளும், செக்றோல் ஏடுகளும் அழிந்துபோகுமுன் சேகரிக்கப்படல் வேண்டும். மலையக இலக்கியத்தைத் தம் பாடத்திட்டத்துள் ஏற்றுக்கொண்ட நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள், அம்மக்களின் காட்சிக் கலையையும் ஆய்வுப் பொருளாகக் கொள்வது இனியும் தாமதிக்கத்தக்கதன்று.

2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் பெயரின்றி மடிந்த வழியில் அவர்களின் வழித்தோன்றல்கள் தம் கோரிக்கைகளை உரைத்தபடி சென்றனர். அந்நடையும், தேயிலைப் பையின் மேல் வரையப்பட்ட உருவமும் ஒரே வரலாற்றுச் செயலின் இரு வடிவங்களென நாம் கருதுகின்றோம். பேர் என்பது கூலிக் கணக்கிலிருந்து மீண்டு, மனிதரின் பெயராக முழுமை பெறும் நாளை நோக்கியவை அவை. அந்த நாளைக் கலை தனியே கொணர்ந்துவிடாது. ஆனால் அரைப்பேர் என்று எழுதப்பட்டவர் முழு மனிதர் என்பதைக் கண்ணுக்குப் புலப்படுத்த அதனால் இயலும். அது சிறு பணியன்று.